அம்மாவுக்கு நான் எழுதிய வயது

நம்ம வயசுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இப்போது என்ன பேச்சு? முழங்கால், சர்க்கரை, சரியாகத் தூக்கம் வரவில்லை. நீங்கள் அதையே பேசிக்கொண்டிருங்கள். எனக்கு வேறொரு கோளாறு. எந்த விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தாலும், வயது என்ற கட்டம் வந்ததும் உள்ளங்கை வேர்த்துவிடும். பேனாவை வைத்துவிட்டு எழுந்து ஒரு நடை நடப்பேன், தண்ணீர் குடிப்பேன், திரும்ப வந்து உட்காருவேன். போன மாதம் வங்கியில் ஒரு பையன், "என்னக்கா, வயசைச் சொல்ல இம்புட்டு யோசிக்கிறீக?" என்று சிரித்தான். சிரிக்கட்டும், அவனுக்கென்ன தெரியும்.

ஆறாம் வகுப்பு முடித்த கோடை லீவில் பிடித்த கோளாறு இது. உங்களுக்கும் அந்த லீவு இருந்திருக்கும். பம்பரம், பாட்டி வீடு, மாம்பழம் என்று போயிருக்கும். எனக்கு அது காலை ஏழு மணிக்குத் தெரு முக்கில் நிற்பதில் தொடங்கியது.

வீட்டில் அப்போது நானும் அம்மாவும் மட்டும்தான். அப்பா எனக்கு விவரம் தெரியும் முன்பே போய்விட்டார். அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அவளைத் திருவாதவூரில் கட்டிக்கொடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அம்மா சித்தாள். கொத்தனார் சுவர் கட்ட, செங்கலும் கலவையும் தலையில் சுமந்து கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. என்னைத் தனியாக விட்டுப் போகப் பயந்து, லீவு முழுக்கக் கூடவே இழுத்துக்கொண்டு போவாள்.

வேலை தேடுகிறவர்கள் எல்லோரும் காலையில் ஒரு டீக்கடை முக்கில் போய் நிற்க வேண்டும். கையில் தூக்குவாளி, தோளில் சும்மாடு சுருட்டுகிற பழைய துணி. மேஸ்திரி டிவிஎஸ் வண்டியில் வருவார். வண்டியை நிறுத்தாமலே காலை ஊன்றிக்கொண்டு, "நீ, நீ, அந்தப் பச்சைச் சேலை" என்று விரலை நீட்டுவார். அவர் வரும் சத்தம் கேட்டதும் அம்மா முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்வாள். வெயிலுக்கென்று அப்போது நினைத்தேன். நரையை மறைக்க என்று பிறகுதான் புரிந்தது. என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியாது. அம்மாவின் சேலையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருப்பேன், அவள் பார்க்காமலே என் மண்டையில் ஒரு குட்டு வைப்பாள்.

அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை. கொத்தனார் ஆக வேண்டும். சும்மா சொல்லவில்லை, அவளுக்குக் கண்ணிலேயே மட்டம் இருந்தது. ஒரு நாள் கட்டட வேலை நடந்துகொண்டிருக்கும்போது சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "மேஸ்திரி, வடக்கு மூலை சாயுது" என்றாள். மேஸ்திரி தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். ஒரு விரல் அகலம் சாய்ந்திருந்தது. இடித்துக் கட்டச் சொல்லிவிட்டு, "பார்த்துக்கங்கப்பா, கொத்தனாரம்மா சொல்லிட்டாக" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். மதியம் சோறு தின்னும்போது மட்டும் என்னைப் பார்க்காமல், "சரியாத்தான புள்ள சொன்னேன்? எதுக்குச் சிரிச்சாக?" என்று கேட்டாள். அந்த மேஸ்திரியை அன்றைக்கே நான் வெறுத்துவிட்டேன்.

இத்தனைக்கும் அவர் அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவளைவிட ஒரு வயது இளையவர். ஒரே தெருவில் வளர்ந்தவர்கள்.

அந்த முக்குக்குத்தான் கட்டடத் தொழிலாளர் சங்கத்துக்காரர், எல்லோரும் சங்கத்தம்மா என்று கூப்பிடுகிறவர், வந்தார். கட்டட வேலைக்காரர்களுக்கு நல வாரியம் வந்திருக்கிறது, பதிந்தால் அட்டை கிடைக்கும், பிள்ளை படிப்புக்கு உதவி, அடிபட்டால் உதவி, அறுபது வயதில் பென்சன் என்று தொண்டை கட்டக் கட்டச் சொல்வார். ஆம்பிளைக் கைக்கடிகாரம் கட்டியிருப்பார். தோள்பையில் விண்ணப்பங்கள் பிதுங்கும். சேலை முந்தியில் எப்போதும் ரேகை மை அப்பியிருக்கும். நம்ம பொம்பளைகள் சும்மா நம்பிவிடுவார்களா? "ரேகை வச்சா வீட்டை எழுதி வாங்கிருவாகளாம்" என்றாள் ஒருத்தி. "உனக்கு எந்தூர்லத்தா வீடு இருக்கு, சொல்லு நானும் வாரேன்" என்று சங்கத்தம்மா கேட்டதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. அன்றைக்கே பாதிப் பேர் ரேகை வைத்தார்கள்.

தல்லாகுளத்தில் ஒரு மாடி அறையில் முகாம். எழுதத் தெரிந்த ஆள் போதவில்லை. என் எழுத்தைப் பார்த்துவிட்டு, "ஆத்தி, முத்து முத்தா எழுதுறாளே" என்று சங்கத்தம்மா என்னை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய பொம்பளைகள் வரிசையாக வந்து என் முன்னால் குனிந்து பேர் சொல்கிறார்கள்!

பேர் சொன்னார்கள், ஊர் சொன்னார்கள். பிறந்த தேதி கேட்டால் முழித்தார்கள். "பெரிய புயல் அடிச்சுச்சுல்ல, அதுக்கு மூணு மாசம் முன்ன" என்றாள் ஒருத்தி. "எங்க தெக்குத் தெருக்காரி வயசுக்கு வந்த அன்னிக்கு" என்றாள் இன்னொருத்தி. நான் என்ன செய்தேன் தெரியுமா? என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது பெரிய வாத்தியார் குத்துமதிப்பாக ஒரு தேதி போட்டிருந்தார், ஜூன் முதல் தேதி. எனக்குத் தெரிந்த தேதி அது ஒன்றுதான். எல்லோருக்கும் அதையே போட்டேன். வருடத்தை மட்டும் அவரவர் சொன்ன வயதுக்குக் கழித்துக்கொண்டேன். மறுநாள் ஆபீசிலிருந்து சங்கத்தம்மா கட்டோடு திரும்பி வந்தார். "ஏ பாப்பா, மதுரையில உள்ள அம்புட்டுப் பொம்பளையும் ஒரே நாள்லயா பொறந்தாளுக?" என்று அடிக்க வந்து, பாதியிலேயே சிரித்துவிட்டார். உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினோம். அம்மாவுடையதை மட்டும் மாற்ற மாட்டேன் என்று அழுது அடம்பிடித்தேன். எனக்கும் அம்மாவுக்கும் ஒரே நாள் இருக்கட்டும் என்றேன். விட்டுவிட்டார்.

இருங்கள், வருடத்தைச் சொல்ல விட்டுவிட்டேனே. அதுதானே விஷயம்.

அந்த முகாமில் வாரியத்துக்கு எழுதும்போதே, பெண்களுக்குக் கொத்தனார் பயிற்சிக்கும் ஆள் எடுத்தார்கள். வாரிய விண்ணப்பத்தில் உள்ள வயதுதான் அதற்கும் கணக்கு. பத்துப் பெண்கள் சேர்ந்தால் பயிற்சி இங்கே நடக்கும். ஒரு ஆள் குறைந்தாலும் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். சங்கத்தம்மா நாயாக அலைந்து ஒன்பது பேரைப் பிடித்திருந்தார். பத்தாவதாக அம்மா போய் நின்றாள். அவளுக்கு அப்போது நாற்பத்தொன்று.

சங்கத்தம்மா அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "முப்பத்திமூணுன்னு போடு பாப்பா" என்றார்.

யாரையோ வேலைக்குக் கூப்பிட வந்த மேஸ்திரி வாசலில் நின்று இதைக் கேட்டுவிட்டார். "யக்கா, வயசோட விளையாடாத. அறுபதுல பென்சன்னு சொல்றாகள்ல? இப்ப எட்டு வருசத்தை வெட்டிட்டா அப்ப யாரு திருப்பித் தருவா?"

"அறுபது வரைக்கும் யாருய்யா இருக்கப் போறா?" என்றார் சங்கத்தம்மா. "இப்பப் பொழைக்க வழி சொல்லு. பொம்பளை கொத்துக்கரண்டி பிடிச்சா உனக்கு எரியுது, அதைச் சொல்லு."

"எரியத்தான் செய்யுது. அதுக்காகச் சொன்னது பொய்யாயிருமா?"

அம்மா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "எழுது புள்ள" என்றாள். அம்மா ஒரு வரியில் எட்டு வயது குறைந்து போகிறாள் என்பதே எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அழுத்தி எழுதினேன், அடுத்த தாளிலும் பதிகிற மாதிரி. மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு போனார். போகட்டும், பொறாமை பிடித்த ஆள் என்று நினைத்தேன். பொறாமை இருந்தது உண்மைதான். ஆனால் சொன்னதும் சரி. ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கும் என்று பதினொரு வயதில் எனக்கு எப்படித் தெரியும்? நாற்பது தாண்டின சங்கத்தம்மாவுக்கே தெரியவில்லை.

அடுத்து நேர்காணல். அன்று விடிந்ததும் சங்கத்தம்மா கொடுத்த டை பொட்டலத்தைக் கொட்டாங்குச்சியில் கரைத்து, தேய்ந்த பல் பிரஷ்ஷால் நான்தான் அம்மாவின் நரைக்குப் பூசிவிட்டேன். அந்த நெடிக்காகவே இன்றைக்கும் சலூன் வந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். பஸ் முழுக்க நான் கேட்டுக்கொண்டே வந்தேன். "வயசு?" "முப்பத்திமூணு." "தேதி?" "ஜூன் ஒண்ணு." "வருசம்?" அதில் ஒவ்வொரு தடவையும் தடுமாறுவாள். தல்லாகுளத்தில் இறங்கும்போதுதான் சரியாகச் சொன்னாள்.

வாரிய ஆபீசர் நல்ல மனிதர். அம்மாவை உட்காரச் சொன்னார். வயது கேட்டார், சொன்னாள். தேதி கேட்டார், சொன்னாள். அம்மாவின் பின்கழுத்தில் வேர்வையோடு கறுப்பாக ஒரு கோடு இறங்கி ரவிக்கைக்குள் போய்க்கொண்டிருந்தது. பின்னால் நின்ற நான் கையால் துடைத்துவிடலாமா என்று துடித்தேன். அப்போதுதான் ஆபீசர், "எத்தனை பிள்ளைங்கம்மா? மூத்த பிள்ளைக்கு என்ன வயசு?" என்றார்.

அதை நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை. அக்காவுக்கு இருபது. முப்பத்துமூன்றில் இருபதைக் கழித்தால் பதின்மூன்று. நான் மனக்கணக்குப் போட்டு முடிக்கும் முன் அம்மா போட்டுவிட்டாள்.

"இவ ஒருத்திதான் சார்" என்றாள், என் கையைப் பிடித்து முன்னால் இழுத்து.

ஆபீசர் எழுதிக்கொண்டார். முடிந்தது. அம்மா தேர்வாகிவிட்டாள். மாடிப்படி இறங்கும்போது நாலாவது படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போகிற வருகிறவர்கள் விலகிப் போனார்கள். "அவகிட்டச் சொல்லிராத புள்ள" என்றாள். சத்தியம் பண்ணினேன். அடுத்த வாரம் அக்கா வந்தபோது, வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். அக்கா எழுந்துவிட்டாள். அம்மா அவளுக்கென்று வைத்த கருவாட்டுக் குழம்பைத் தொடாமல் பஸ் ஏறிப் போய்விட்டாள். அம்மா என்னை அடித்திருந்தால் தேவலை. அடிக்கவில்லை.

பயிற்சி டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு கொட்டகையில். காலைப் பஸ்ஸில் போய்ச் சாயங்காலப் பஸ்ஸில் திரும்புவோம். செங்கலைத் தொட்டித் தண்ணீரில் போட்டால் சொய் என்று மூச்சுவிட்டுக் குமிழி கிளம்பும். நான் அதைக் கேட்டுக்கொண்டே மணல் குவியலில் ஏறி இறங்குவேன். பத்துப் பெண்களும் நூல் கட்டி, தூக்குக்குண்டு பிடித்து, இடுப்பளவு சுவர் எழுப்புவார்கள். பழகுவதற்கென்பதால் சிமென்ட் கிடையாது, சுண்ணாம்பும் மண்ணும்தான். சாயங்காலம் நாலு மணி ஆனதும் அவர்களே அதை இடித்து, செங்கலைத் துடைத்து அடுக்க வேண்டும். மறுநாள் அதே செங்கலில் அதே சுவர்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எதுக்கும்மா கட்டிக் கட்டி இடிக்கிறீக?" என்று கத்தினேன்.

"கை பழகுது புள்ள. செவுரு போனாப் போகுது" என்றாள். முகம், மூக்கு எல்லாம் சுண்ணாம்பு. அம்மாவை அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்தும் கை சும்மா இருக்காது. சோற்றை அகப்பையால் தட்டில் மட்டம் பார்த்து வைப்பாள். கடைசி நாள் மட்டும் சிமென்ட் கொடுத்தார்கள். அன்று கட்டிய சுவரை இடிக்க வேண்டாம் என்றார்கள். அம்மா தன் சுவரை இடுப்பால் ஒரு இடி இடித்துப் பார்த்தாள். அது அசையாமல் நின்றது. "நிக்கிது புள்ள!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினாள். அந்தக் கொட்டகை இப்போது இல்லை. நாலு வருடம் முன்பு போய்த் தேடினேன், இடம் எதுவென்றே பிடிபடவில்லை.

கரண்டியும் மட்டம் பார்க்கிற ரசமட்டமும் பையில் வைத்துக்கொண்டு அம்மா திரும்ப அதே முக்கில் போய் நின்றாள். மூன்று வாரம் ஒருத்தரும் கூப்பிடவில்லை. சித்தாளாகக் கூப்பிட்டால் அம்மா போக மாட்டேன் என்றாள். பானையில் அரிசி அடிக்குப் போய்விட்டது. சங்கத்தம்மா தினமும் வந்து ஒவ்வொரு மேஸ்திரியிடமும் மல்லுக்கட்டினார். கடைசியில் நம்ம மேஸ்திரிதான் ஒரு நாள் ஆள் கிடைக்காமல் வண்டியை நிறுத்தி, "சரி வா யக்கா. கக்கூஸ் செவுருதான். என்னத்தப் பண்றன்னு பார்ப்போம்" என்றார். சாயங்காலம் தூக்குக்குண்டு போட்டுப் பார்த்தார். "நாளைக்கும் வா" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு ஏறக்குறைய இருபது வருடம் அம்மா கொத்தனார். என்னைப் படிக்க வைத்தது அந்தக் கரண்டி. நான் இன்று ஒரு ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்றால், அன்று முகாமில் எழுதிய அந்தப் பொய்யால்தான். இதை நான் மறைக்கவில்லை.

ஆனால் அந்த முப்பத்துமூன்று சும்மா இருக்கவில்லை. வாரிய அட்டையைக் காட்டி ரேஷன் கார்டில் ஏறியது, அதைக் காட்டி வாக்காளர் அட்டையில் ஏறியது, அதைக் காட்டி ஆதாரில் ஏறியது. அம்மாவுக்கு நிஜமாகவே அறுபது ஆனபோது இரண்டு முட்டியும் போய்விட்டன, சாரம் ஏற முடியவில்லை. அட்டையில் ஐம்பத்திரண்டு. ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கினேன். வயதை மாற்ற வேண்டுமென்றால் பழைய சான்று வேண்டும் என்றார்கள். இருக்கிற சான்றெல்லாம் நான் எழுதியதிலிருந்து வந்ததுதான். அக்காவின் பள்ளிச் சான்றிதழைக் கொண்டுபோய், மகளுக்கே இம்புட்டு வயசு பாருங்கள் என்றேன். இப்படி ஒரு மகள் உங்கள் அட்டையில் இல்லையே என்றார்கள். வெளியே நின்ற அக்கா, "அட்டையில நான் பொறக்கவே இல்லைல்ல" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குச் செருப்படி.

அம்மா முக்காலியில் உட்கார்ந்தபடியே பூச்சு வேலை, ஒட்டு வேலை என்று போய்க்கொண்டிருந்தாள். நான் போதும் என்றாலும் கேட்க மாட்டாள், உன் கையை எதிர்பார்த்து நிற்க மாட்டேன் என்பாள். "விடு புள்ள. நீ அன்னிக்கு எழுதலைன்னா நான் கரண்டி பிடிச்சிருப்பனா?" என்று ஒரு நாள் சொல்வாள். முட்டிவலி கூடின இன்னொரு நாள், "அந்த எட்டு வருசத்தை எங்கடி கொண்டு போய் வச்ச?" என்று கத்துவாள். இரண்டையும் மனசாரத்தான் சொன்னாள்.

அட்டைப்படி அறுபது ஆக எட்டு மாதம் இருக்கும்போது அம்மா போய்விட்டாள். மாரடைப்பு. காலையில் காப்பி கேட்டாள், கொண்டு வருவதற்குள் இல்லை.

இறப்பைப் பதிய நான்தான் போனேன். துணைக்கு அக்காவும் மேஸ்திரியும் வந்தார்கள். மேஸ்திரிக்கு வாயெல்லாம் பல் போய், கைத்தடி. அவர் தன் நிஜ வயதைப் பதிந்தவர். பென்சன் வாங்கத் தொடங்கி ஆறு வருடம் ஆகியிருந்தது. ஜன்னலுக்குள் இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். பேர் எழுதினேன், விலாசம் எழுதினேன். வயது என்ற கட்டம் வந்தது. அறுபத்தேழு என்று ஒரு தடவையாவது எழுதிவிட வேண்டும் என்று கை பறந்தது. "ஆதார்ல உள்ளதையே எழுதுங்கக்கா. மாறியிருந்தா வாரியத்துல எதுவும் பாஸ் ஆகாது" என்றாள் அந்தப் பெண். ஈமச்சடங்கு உதவியாவது அம்மா பேரில் வரட்டும் என்று அக்காவும் சொன்னாள். வாழ்நாளெல்லாம் சுமந்த அந்த அட்டையிடமிருந்து அவள் வாங்கப்போவது அது ஒன்றுதானே.

எழுதினேன். அதே முத்து முத்தான எழுத்து.

பக்கத்தில் வரிசையில் நின்ற ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "அறுபதுகூட ஆகலையா, பாவமே" என்று உச்சுக்கொட்டினாள்.

மேஸ்திரிக்குக் கண் சரியாகத் தெரியாது. "எம்புட்டுத் தாயி போட்ட?" என்றார்.

"அம்பத்தொம்போது."

அன்றைக்கு அவர் சொன்னதை இன்று சொல்லிக் காட்டுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"ஆயுசு பூரா அக்கா அக்கான்னு கூப்பிட்டேன்" என்றார். "இப்ப எனக்கு ஏழு வயசு இளையவளா போறாளே."

உள்ளே இருந்த பெண் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். படிவத்தைக் கொடுத்தேன்.